அளவெட்டிக்கு எட்டாத அலை

அம்பிகைபாகன் வேலைக்குப் போகும் வழியை யாராவது பின்தொடர்ந்து பார்த்திருந்தால், மனிதருக்கு மறை கழன்றுவிட்டது என்றுதான் நினைத்திருப்பார்கள். அவர் குடியிருந்தது புலாவ் திக்குஸில், ஒரு பலகை வீட்டின் பின்னறையில். வானொலி நிலையமும் அதே சாலையில்தான் இருந்தது. நேரே நடந்தால் வியர்ப்பதற்குள் போய்ச் சேர்ந்துவிடலாம். அவரோ வாசலில் இறங்கியதும் எதிர்ப்பக்கம் திரும்புவார். சீனர் காய்கறித் தோட்டத்து வரப்பில் ஏறி, சாக்கடைப் பலகையைத் தாண்டி, கடற்கரை மணலில் இறங்கி, பெரிய சுற்றாகச் சுற்றி நிலையத்தின் பின்வாசல் வழியாக உள்ளே நுழைவார்.

காரணம் கும்பிடு. ஜப்பான்காரன் ஆட்சியில் பினாங்குச் சாலைகளில் முனைக்கு முனை சிப்பாய் நின்றான். போகிறவன் வருகிறவன் எல்லாரும் அவன் முன் நின்று இடுப்பை வளைக்க வேண்டும். வளைவு போதாது என்று அவனுக்குத் தோன்றினால் கன்னம் வீங்கும். கும்பிடாமல் போக வேண்டுமானால் அதிகம் நடக்க வேண்டும். அதிகம் நடந்தால் பசிக்கும், பசித்தால் இருப்பதோ மரவள்ளிக் கிழங்கு மட்டும். ஒரு கும்பிடு எவ்வளவு நடைக்குச் சமம், எவ்வளவு நடை எவ்வளவு கிழங்குக்குச் சமம் என்று உட்கார்ந்து சமன்பாடு எழுதி, எல்லாவற்றுக்கும் நடுவில் மிகக் குறைந்த நட்டம் வரும் வழியைக் கண்டுபிடித்திருந்தார். ஊரே உயிரைக் கையில் பிடித்துக்கொண்டிருந்த காலத்தில் இப்படி ஒரு மனிதர்.

இந்த மாதிரிக் கணக்குதான் அவருக்குப் பிடித்தமானது. எதைக் கூட்டினால் எது குறைகிறது, எந்த இடத்தில் நின்றால் இதைவிட நல்லது கிடையாது என்று தேடிப் பிடிக்கிற கணக்கு. யாழ்ப்பாணத்து அளவெட்டிக்காரர். லண்டன் இன்டர் பரீட்சையில் கணிதத்தில் தேறி, பினாங்குத் தந்தி இலாகாவில் கம்பியில்லாத் தந்திப் பிரிவில் வேலைக்கு வந்தவர். அங்கே ஏரியல் கட்டுவதும் அலைநீளம் பார்ப்பதும் அவர் பொறுப்பு. யுத்தம் வந்து வெள்ளைக்காரன் ஓடிய பிறகு, ஜப்பான்காரர் அவரையும் இலாகாவின் மேசை நாற்காலியோடு சேர்த்து எடுத்துக்கொண்டார்கள்.

மனைவி கமலாம்பிகை ஊரில் இருந்தாள். தலைப்பிள்ளை தாய்வீட்டில்தான் பிறக்க வேண்டும் என்று வழக்கம். யுத்தத்துக்கு முந்திய மாதங்களில் அவளைக் கப்பலேற்றி அனுப்பிவிட்டு, தை பிறந்ததும் தானும் லீவு போட்டுக்கொண்டு போவதாகச் சொல்லியிருந்தார். மார்கழியில் விமானங்கள் வந்து ஜார்ஜ் டவுனைக் குண்டு போட்டுக் கொளுத்தின. சந்தைக்குப் போனவர்கள், ஆகாயத்தை வேடிக்கை பார்க்க நின்றவர்கள் எல்லாம் தெருவிலேயே கிடந்தார்கள். அந்தச் செய்தி ஊருக்குப் போயிருக்கும். அதற்குப் பிறகு கப்பல் இல்லை, கடிதம் இல்லை, தந்தி இல்லை. பிறந்தது ஆணா பெண்ணா என்றுகூட அவருக்குத் தெரியாது.

அதைவிட அவரை அரித்தது வேறொன்று. தான் செத்துப்போய்விட்டதாக அவர்கள் முடிவு கட்டியிருப்பார்களோ என்ற பயம். அளவெட்டியில் அதற்கு அதிக நாள் எடுக்காது. மாமியார் அழுவார், உறவுக்காரர்கள் கூடுவார்கள், யாராவது பெரியவர் ஒருவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு செய்ய வேண்டியதைச் செய்யச் சொல்வார். கமலாம்பிகையின் நெற்றியைத் துடைத்து ஒரு மூலையில் உட்கார வைத்துவிடுவார்கள். இவர் இங்கே கிழங்கை உரித்துக்கொண்டு உயிரோடு இருப்பார்.

இதைச் சொல்லி ஆற அவருக்கு ஆள் கிடையாது. பழகிய யாழ்ப்பாணக் குடும்பங்கள் குண்டுக்குப் பயந்து கெடாப் பக்கம் போய்விட்டன. மிச்சம் இருந்தவர்கள் தோட்டத்துத் தமிழர், துறைமுகத்துத் தமிழர். அவர்களோடு அவர் பேசியதில்லை. கோபம் கிடையாது, வெறுப்பும் கிடையாது. அவர்கள் வேறு, தாம் வேறு என்று வளர்க்கப்பட்டவர், அவ்வளவுதான். அவர்கள் எந்தக் குமாஸ்தாவையும் கூப்பிடுவதுபோல் 'கிராணியாரே' என்று கூப்பிட்டு ஒதுங்கி நின்றார்கள். இவர் தலையை ஆட்டிவிட்டுப் போனார். நிலையத்தைக் கூட்டித் துடைத்து, நேரத்துக்குத் தேநீர் வைத்துக் கொடுத்த வடிவம்மாளும் அப்படித்தான். நிபோங் திபால் பக்கத்து ரப்பர்த் தோட்டத்திலிருந்து வந்தவள் என்பதற்கு மேல் அவளைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது. தேநீரை மேசையில் வைப்பாள், வெறும் குவளையை எடுத்துப் போவாள். வருஷக்கணக்கில் இதுதான் அவர்களுக்குள் நடந்த பேச்சுவார்த்தை.

இப்படி இருக்கும்போது நிலையத்தின் பொறியியலாளர் ஹிரோசே ஒரு நாள் அவரைக் கூப்பிட்டார். ஹிரோசே ராணுவக்காரர் அல்ல. டோக்கியோவில் ஏதோ வானொலியில் வேலை பார்த்தவர், வாயில் எப்போதும் அணைந்த சிகரெட், இங்கிலீஷ் கொஞ்சம் தெரியும். மலாயாவில் இருக்கும் தமிழர்கள் இந்தியாவிலுள்ள உறவினருக்கு வானொலியில் நலச் செய்தி சொல்லலாம் என்று மேலிடம் அனுமதித்திருப்பதாகச் சொன்னார். ஜப்பான் ஆட்சியில் எல்லாரும் சுகம் என்று அங்கே காட்டிக்கொள்ள அது ஒரு வழி. ஆளுக்கு ஒரு முறைதான், ஒரு நிமிஷம்தான். சொந்த உறவைப் பற்றி மட்டும்தான் பேசலாம்.

"மெட்ராஸுக்குக் கேட்க வேண்டும். ஆயர் ஈத்தாமில் காலி நிலம் இருக்கிறது, அங்கே ஏரியல் கட்டு" என்றார் ஹிரோசே.

"ஆயர் ஈத்தாமில் கட்டினால் பினாங்கு மலைக்குத்தான் கேட்கும். இந்தியா மேற்கே இருக்கிறது, மலை அதற்குக் குறுக்கே நிற்கிறது" என்றார் அம்பிகைபாகன்.

ஹிரோசே வரைபடத்தைப் பார்த்தார், சிகரெட்டை வாயின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரத்துக்கு மாற்றினார், "அப்படியானால் நீயே இடம் பார்" என்றார்.

அம்பிகைபாகனுக்கு ஒரு யுகத்துக்குப் பிறகு நாக்கில் ருசி தட்டியது. இந்தியாவுக்குக் கேட்குமானால் இலங்கைக்கு ஏன் கேட்கக் கூடாது? அளவெட்டி வாசிகசாலையில் ஒரு வானொலிப் பெட்டி இருந்தது. ஊருக்கே அது ஒன்றுதான். பினாங்கிலிருந்து பெயர் சொல்கிறார்கள் என்று தெரிந்தால் ஊரே அதன் முன்னால் கூடும், கமலாம்பிகையும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வருவாள். தன் பெயரை அவள் காதில் விழவைக்க வேண்டும். அவருக்கு வேண்டியது அது ஒன்றுதான்.

கையில் இருந்தவற்றை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். பழைய ஒலிபரப்பி ஒன்று, அதற்குள் பல்பு மாதிரி எரியும் பெரிய கண்ணாடி வால்வு ஒன்று. அது போனால் மாற்று கிடையாது, ஆகவே சக்தியைக் கூட்டவும் முடியாது. அலைவரிசையும் ஒன்றே ஒன்று. கைவிடப்பட்ட தோட்டத்துத் தொலைபேசிக் கம்பி கொஞ்சம். கம்பங்கள் இல்லை. கடற்கரையோரம் ஒரு தென்னந்தோப்பு இருந்தது. நான்கு மரங்களில் கம்பியைச் சாய்சதுரமாகக் கட்டினால் அலை ஒரே திசையில் சேர்ந்து போகும். எந்த நான்கு மரம் என்பதில்தான் வம்பு. கணக்கு கேட்ட இடத்தில் மரம் இல்லை, மரம் நின்ற இடம் கணக்குக்கு ஒத்துவரவில்லை. தோப்புக்காரன் கமால் மரம் ஏறுவதில் சூரன். இந்தத் தமிழன் தினமும் வந்து மரங்களை முறைத்துப் பார்த்துவிட்டு இளநீர்கூடக் கேட்காமல் போகிறானே என்று அவன் முதலில் பயந்தான், பிறகு சிரித்தான், பிறகு தானே ஏறிக் கம்பியைக் கட்டிக் கொடுத்தான்.

கணக்கில் ஒரு முடிச்சு விழுந்தது. சாய்சதுரத்தின் பக்கங்களை நீட்ட நீட்ட அலை பலமாகப் போகும், ஆனால் ஒடுங்கிவிடும். ரப்பர்க் குழாயின் வாயை விரலால் அழுத்தித் தண்ணீர் பீய்ச்சுகிற கதைதான். ஒடுங்கிய அலைக்கு இரண்டு பக்கமும் ஒன்றுமே கேட்காத ஒரு வெறும் பட்டை உண்டு. மெட்ராஸுக்கு மிகச் சிறந்த விடை எதுவோ, அந்த விடையில் யாழ்ப்பாணம் சரியாக அந்த வெறும் பட்டையில் விழுந்தது. பலமுறை போட்டுப் பார்த்தார். அதே விடைதான் வந்தது. மெட்ராஸ்காரன் காதில் கொட்டு மேளம், கமலாம்பிகை காதில் மயான அமைதி.

இந்த இடத்தில்தான் அவருடைய படிப்பு அவருக்குக் கை கொடுத்தது. யுத்தத்துக்கு முன் மனைவியோடு ரயிலில் பினாங்கு மலைக்குப் போயிருக்கிறார். மலைச் சரிவில் நாலு அடி நகர்ந்தால் நன்றாக இறங்கிவிடுவோம். உச்சியில் நாலு அடி நகர்ந்தால் இறங்கிய மாதிரியே தெரியாது. எந்தக் கணக்குக்கும் அப்படித்தான், உச்சத்துக்குப் பக்கத்தில் தரை ஏறக்குறைய மட்டமாக இருக்கும். மெட்ராஸின் உச்சத்திலிருந்து கொஞ்சம் விலகினால் மெட்ராஸுக்குத் தெரியவே தெரியாது. ஆனால் வெறும் பட்டைக்குள் கிடக்கும் யாழ்ப்பாணம் சரசரவென்று மேலே ஏறிவிடும். பக்கங்களைச் சிறிது குறைத்தார், தெற்கே ஒரு மரம் தள்ளிக் கட்டினார். யாருடைய சோற்றிலும் கை வைக்காமல் தன் வீட்டுக்கு ஒரு பிடி எடுத்துக்கொண்ட திருப்தி அவருக்கு.

ஹிரோசேயிடம் அதை மறைக்கவில்லை. "சிலோனுக்கும் கேட்கும், மெட்ராஸுக்கு நட்டம் இல்லை" என்று தாளை நீட்டினார். அவர் சரிபார்த்துவிட்டு, "சிலோனும் எதிரி நாடுதானே, கேட்கட்டும்" என்றார்.

பிறகு நேரம். அந்த அலைவரிசை வெயில் இருக்கும்வரை அவ்வளவு தூரம் போகாது, அங்கேயும் பொழுது சாய வேண்டும். வாசிகசாலையோ மாலை ஏழு மணிக்குப் பூட்டிவிடும். அதன் செயலாளர் பெரிய கறார்ப் பேர்வழி. அவர் கையில் சாவி குலுங்கினால் பேப்பர் படிப்பவர் பாதி வரியில் எழுந்துவிட வேண்டும். சூரியன் போன பிறகு, சாவி குலுங்குவதற்கு முன்பு, அந்தக் கொஞ்ச நேரத்துக்குள் பேச வேண்டும். அளவெட்டி மணிக்கு ஆறரையைப் பிடித்தார். பினாங்கில் ஜப்பான்காரர் கடிகாரத்தைத் திருப்பி டோக்கியோ நேரம் ஆக்கியிருந்தார்கள். இருட்டோடு பள்ளிக்கூடம், நட்ட நடு வெயிலில் சாயங்காலம் என்று எல்லாம் தாறுமாறு. பலர் அதில் குழம்பினார்கள், அம்பிகைபாகன் குழம்பவில்லை. டோக்கியோ மணியைப் பழைய மணியாக்கி, பழைய மணியை அளவெட்டி மணியாக்கி, மூன்று முறை சரிபார்த்தார்.

ஒலிபரப்பு தொடங்கியது. நாலா பக்கமிருந்தும் ஆட்கள் வந்து நிலையத்துத் தாழ்வாரத்தில் முறைக்காகக் காத்திருந்தார்கள். ஒவ்வொருவராக ஒலிவாங்கியின் முன் நின்று, கடலுக்கு அப்பால் கேட்க வேண்டுமே என்று தொண்டை கிழியக் கத்தினார்கள். அம்பிகைபாகன் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் மீட்டர் முள்ளைப் பார்த்தபடி இருப்பார். முள் துள்ளினால் சத்தத்தைக் குறைப்பார், சாய்ந்தால் கூட்டுவார். யார் என்ன பேசினார்கள் என்று கேட்டால் அவருக்குத் தெரியாது.

அவருடைய முறை வந்த அன்று சட்டையைத் துவைத்துப் போட்டுக்கொண்டு போனார். வானொலியில் சட்டையை யார் பார்க்கப் போகிறார்கள் என்று அவருக்கே வெட்கமாக இருந்தது. ஒலிவாங்கியின் முன் நின்றார். "கமலம், நான் அம்பிகைபாகன். பினாங்கில சுகமாய் இருக்கிறன். ஒண்டுக்கும் பயப்பிடாதையும். பிள்ளையைக் கவனமாய்ப் பாரும், வந்திடுவன்" என்றார். மிச்ச நேரத்தில் என்ன சொல்வது என்று தெரியாமல் மறுபடி அதையே சொன்னார்.

அதற்குப் பிறகு அவர் கொஞ்ச காலம் மனிதராக இருந்தார். அவருடைய கணக்குப்படி கமலாம்பிகையின் நெற்றியில் பொட்டு இருந்தது. கிழங்கு தின்னும்போது, "இண்டைக்கும் இதுதான் கமலம்" என்று சுவரைப் பார்த்துச் சொல்லிச் சிரித்துக்கொள்வார். பிள்ளை இப்போது ஓடித் திரியும், இப்போது மழலை பேசும், இப்போது 'அப்பா எங்கே' என்று அது கேட்டால் கமலம் கடல் இருக்கும் திசையைக் காட்டுவாள் என்றெல்லாம் நினைத்துக்கொள்வார். தனிமை அப்படியேதான் இருந்தது. அதோடு குடித்தனம் நடத்தப் பழகிக்கொண்டார்.

வால்வு மங்கத் தொடங்கியது. இன்னும் சில வாரம்தான் தாங்கும் என்று தெரிந்ததும், மிச்சமிருக்கும் ஆட்களை அதற்குள் பேச வைத்துவிட வேண்டும் என்று ஹிரோசே புதிய நேர அட்டவணை போட்டார். டோக்கியோ மணிக்குப் பக்கத்தில் இந்தியா, சிலோன் மணியையும் எழுதினார். அம்பிகைபாகன் எட்டிப் பார்த்தார்.

"சிலோனில் ஏழரை என்று எழுதியிருக்கிறீர்கள். ஆறரைதான் சரி" என்றார்.

"ஏழரைதான். யுத்தத்துக்காக அவர்களும் கடிகாரத்தை முன்னால் தள்ளிவிட்டார்கள். இந்தியா, சிலோன் இரண்டும்தான். நாற்பத்திரண்டிலேயே. நாங்கள் அவர்கள் வானொலியைக் கேட்கிறோமே" என்றார் ஹிரோசே. அந்தக் கேட்கும் அறைக்குள் ஜப்பான்காரர் மட்டும்தான் போகலாம். மற்றவன் எதிரி வானொலியைக் கேட்டால் தலை போகும்.

"எனக்கு நீங்கள் சொல்லவில்லையே?"

"நீ கேட்கவில்லையே" என்றார் ஹிரோசே. அவர் குத்தலாகச் சொல்லவில்லை, உண்மையாகவே ஆச்சரியப்பட்டார்.

அம்பிகைபாகன் பின்வாசல் படியில் போய் உட்கார்ந்தார். அவர் பேசியபோது அங்கே ஏழரை. வாசிகசாலை பூட்டி அரை மணி நேரம் ஆகியிருந்தது. கமலாம்பிகை வந்து காத்திருந்துவிட்டு, பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு நடந்திருப்பாள். பூட்டிய கதவுக்குப் பின்னால், அணைந்த பெட்டிக்கு இவர் இரண்டு முறை சுகம் சொல்லியிருக்கிறார். இங்கே கடிகாரத்தைத் திருப்பினார்கள், அதை மூன்று முறை சரிபார்த்தார். அங்கேயும் யாராவது திருப்பியிருப்பார்கள் என்று அவருக்கு ஒரு நாளும் தோன்றவில்லை. விட்டுவந்த ஊர் விட்ட இடத்திலேயே நிற்கிறது என்று எண்ணிக்கொண்டிருந்தார்.

நேரத்தை முன்னுக்குக் கொண்டுவரலாமா என்று பார்த்தார். புதிய மணிப்படி அங்கே பொழுது சாய்வதே ஏழுக்குப் பிறகுதான். வெயில் இருக்கும்வரை அலை போகாது, வெயில் போவதற்குள் வாசிகசாலை பூட்டிவிடும். அந்தக் கணக்குக்கு விடையே கிடையாது. விடை இல்லாத கணக்குக்காகத் தென்னந்தோப்பை அளந்து, மரத்தை மாற்றி, உச்சத்தில் நாலு அடி நகர்ந்து என்னவெல்லாம் செய்தார். யாழ்ப்பாணப் பட்டணத்தில் யாராவது வீட்டு வானொலியில் கேட்டு அளவெட்டிக்குச் சொல்லியிருக்கலாம். சொல்லாமலும் இருந்திருக்கலாம். எப்படியானாலும் அவர் முறை முடிந்துவிட்டது. முழங்காலில் முகத்தை வைத்து அழுதார்.

துடைப்பம் சத்தம் கேட்டு நிமிர்ந்தார். வடிவம்மாள் படியைக் கூட்ட வந்து, அவரைப் பார்த்துவிட்டுத் தயங்கி நின்றாள். திரும்பிப் போகவும் மனம் வராமல், எதையாவது பேச வேண்டுமே என்று பேசினாள்.

"கிராணியாரே, நாளன்னிக்கு என் மொறை வருது. நான் பேசறது நாகப்பட்டணத்துக்குக் கேக்குங்களா? எங்க மாமா அங்க காப்பிக்கடை வச்சிருக்காரு, கடையில ரேடியோ பாடும்."

"கேக்கும்" என்றார் முகத்தைத் துடைத்துக்கொண்டு. பிறகு, ஒப்புக்கு, "கடை எத்தினை மணிக்குப் பூட்டுவினம்?" என்றார்.

"காப்பிக்கடைய யாருங்க சாயங்காலத்துல பூட்டுவாங்க? கப்பல்காரங்க, மீன்காரங்க எல்லாம் வருவாங்களே. ரொம்ப நேரம் தொறந்துதான் கெடக்கும்."

அம்பிகைபாகன் அவளையே பார்த்தார். நாகப்பட்டினத்துக்கும் யாழ்ப்பாணத்துக்கும் நடுவில் தபால் ஓடுகிறது. இரண்டு ஊரும் வெள்ளைக்காரன் கையில், யுத்தம் அங்கே தபாலை நிறுத்தவில்லை. ஒரு கார்டு போட்டால் சில நாளில் அளவெட்டியில் கிடைக்கும். இத்தனை மாதமாக இந்தத் தாழ்வாரத்தில் வந்து நின்று கத்திவிட்டுப் போனவர்களில் ஒருவரிடம், யாராவது ஒருவரிடம், 'என் வீட்டுக்கு ஒரு கார்டு போடச் சொல்லுங்கோ' என்று சொல்லியிருந்தால் போதும். மரம், மலை, கம்பி, வால்வு, சூரியன், செயலாளரின் சாவி எல்லாவற்றையும் கணக்கில் சேர்த்தவர் ஆட்களைச் சேர்க்கவில்லை. அவர்களிடம் ஒன்றைக் கேட்கலாம் என்பதே அவர் புத்திக்கு எட்டவில்லை. படித்த மடையன் என்று தன்னைத் தானே திட்டிக்கொண்டார், திட்டியது சரிதான்.

இப்போது கேட்க வேண்டும். அவள் பெயரைக்கூட அவர் இதுவரை சொல்லிக் கூப்பிட்டதில்லை.

"வடிவம்மா" என்றார். "எனக்கு ஒரு உதவி செய்வியா… செய்வீங்களா?"

சொன்னார். மனைவி, பிள்ளை, குண்டு, பூட்டிய வாசிகசாலை எல்லாவற்றையும் முன்னுக்குப் பின்னாகச் சொன்னார். அவள் துடைப்பத்தைச் சுவரில் சாத்திவிட்டு, கீழ்ப்படியில் உட்கார்ந்து கேட்டாள்.

"ஐயோ, அந்தப் புள்ள என்னா பாடுபடுதோ" என்றாள். "எங்க மாமாகிட்ட சொல்றேன். ஆனா சொந்தக்காரங்களப் பத்தித்தான் பேசணும்கிறானுங்களே. வேற ஆளுன்னு தெரிஞ்சா பாதியிலயே நிறுத்திடுவானுங்க."

"ஓம்" என்றார். அந்த விதியை அவர் மறந்தே போயிருந்தார்.

வடிவம்மாள் கொஞ்சம் யோசித்தாள். "கூடப் பொறந்த அண்ணன்னு சொல்லிடவா? மாமாவுக்கு ஒன்னும் வெளங்காது, யாருடா இது புது மருமவன்னு முழிக்கும். ஆனா கார்டப் போட்டுடும். ஒங்களுக்குப் பரவாயில்லிங்களா, கிராணியாரே?"

அந்தக் கேள்விக்குள் என்ன இருக்கிறது என்று இரண்டு பேருக்கும் தெரியும். கார்டு அளவெட்டிக்குப் போகும். மாமியார் படிப்பார், மாமியாரின் தமையன்மார் படிப்பார்கள். தோட்டத்துப் பெண் ஒருத்தி அம்பிகைபாகனை அண்ணன் என்று உலகத்துக்கே சொல்லியிருப்பாள். முன்பானால் அதை நினைத்தே கூசிப்போயிருப்பார்.

"சொல்லுங்கோ" என்றார்.

"சரி லா. ஒரு நிமிசந்தான் குடுப்பானுங்க. நான் நெனச்சு வச்சதுல ஒன்ன விட்டுடறேன், ஒங்க சேதிக்கு எடம் வந்துடும்" என்று எழுந்து துடைப்பத்தை எடுத்துக்கொண்டாள். எதை விடுகிறாள் என்று கேட்க அவருக்குத் தோன்றவில்லை. மனைவி பெயரையும் ஊர்ப் பெயரையும் அவள் வாயில் பழக்குவதிலேயே இருந்தார்.

அவள் முறை வந்தது. அம்பிகைபாகன் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்தார். வடிவம்மாள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, ஒலிவாங்கிக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டுத் தொடங்கினாள். மற்றவர்கள் மாதிரி அவள் கத்தவில்லை.

"மாமா, நான் வடிவு பேசறேன். பெனாங்குல நல்லா இருக்கேன். நாங்க எல்லாரும் நல்லா இருக்கோம். மாமா, எங்க அண்ணன் அம்பிகைபாகன் இங்க என்கூடத்தான் இருக்காரு. உசுரோட நல்லா இருக்காரு. அவுக பொஞ்சாதி கமலாம்பிகை, யாழ்ப்பாணத்துல அளவெட்டியில இருக்காங்க. ஒடனே ஒரு கார்டு போடுங்க மாமா. அண்ணன் உசுரோட இருக்காரு, வந்துடுவாருன்னு எழுதுங்க. அண்ணிய அழுவ வேணாம்னு சொல்லுங்க. அளவெட்டி, கமலாம்பிகை. மறந்துடாதீங்க."

முள் எங்கே போனது, எங்கே நின்றது என்று அம்பிகைபாகன் பார்க்கவில்லை. வானொலி வேலைக்கு வந்த நாளிலிருந்து அவர் முழுதாகக் கேட்ட முதல் செய்தி அதுதான்.

அந்தக் கார்டு போய்ச் சேர்ந்தது என்பது யுத்தம் முடிந்து தபால் வந்த பிறகுதான் அவருக்குத் தெரியும். கமலாம்பிகை மூலையில் உட்காரவில்லை. மகள் பிறந்திருந்தாள். அன்றைக்கு அது எதுவும் தெரியாது. வால்வு இன்னும் சில நாள் எரிந்துவிட்டு அணைந்துபோனது, நலச் செய்திகளும் அதோடு நின்றன. கமால் கம்பியை அவிழ்த்து வீட்டில் துணி காயப் போட எடுத்துக்கொண்டான்.

வடிவம்மாள் பேசி முடித்து வெளியே வந்தபோது அம்பிகைபாகன் தாழ்வாரத்துப் பலகையில் உட்கார்ந்திருந்தார். நகர்ந்து இடம் விட்டார். அவள் சிறிது தள்ளி உட்கார்ந்தாள்.

"சரியா சொன்னனா? அந்த ஊர் பேரு வாயிலயே நொழைய மாட்டேங்குது."

"நல்லாச் சொன்னீங்கள்" என்றார். பிறகு கேட்டார்: "நீங்கள் ஒண்டை விட்டிட்டுத்தானே என்ர செய்தியைச் சொன்னீங்கள். அது என்ன?"

"அது ஒன்னுமில்ல, வுடுங்க."

"சொல்லுங்கோ, தங்கச்சி."

அவள் தெருவைப் பார்த்தாள். "எங்க வீட்டுக்காரர சயாம் ரயில் வேலைக்குப் புடிச்சிட்டுப் போயிட்டானுங்க. போனவரு போனவருதான். அவுங்க அம்மா நாகப்பட்டணத்துல மாமா கடைக்குப் பக்கத்துலதான் இருக்கு. மாரியம்மன் கோயில்ல மஞ்சத் துணியில காசு முடிஞ்சு, அவரு பேர் சொல்லி வேண்டிக்கச் சொல்லலாம்னு இருந்தேன். பெத்தவ வேண்டிக்கிட்டா ஆத்தா கேக்கும்பாங்க. அவரு போனதே அதுக்குத் தெரியாது."

வால்வு போகப் போகிறது, ஆளுக்கு ஒரு முறைதான், அந்த முறை முடிந்துவிட்டது. அம்பிகைபாகனுக்கு அது அவளைவிட நன்றாகத் தெரியும்.

"அவற்ற பேர் என்ன?" என்று கேட்டார்.

புருஷன் பெயரை அவள் வாயால் சொல்லிப் பழக்கமில்லை. அப்படிச் சொல்வது வழக்கமும் இல்லை. ஒலிவாங்கியின் முன் சொல்வதற்காக மட்டும் மனத்தைத் திடப்படுத்தி வைத்திருந்தாள்.

"நல்லமுத்து" என்றாள், அவருக்கு மட்டும் கேட்கிற மாதிரி.